வில்லி வேண்டாம், பக்கத்து பெஞ்சுக்காரி போதும்

கேள்வி: எனக்கு முப்பத்தெட்டு வயது. திருச்சியில் வங்கி வேலை. முதல் நாவலை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரே தெருவில் வளர்ந்து, ஒரே டியூஷனுக்குப் போன இரண்டு பெண்களின் கதை. ஒருத்திக்கு எம்.பி.பி.எஸ். கிடைக்கிறது. மற்றவளுக்கு அரை மார்க் கட்-ஆஃபில் போய்விடுகிறது. தோழியின் குடும்பம் ஊருக்குப் போயிருந்த சமயம் தபால்காரர் இவளிடம் கொடுத்துவிட்டுப் போன கவுன்சலிங் கடிதத்தை இவள் ஒளித்துவைக்கிறாள். படித்துப் பார்த்த இரண்டு பேரும் “சீரியல் வில்லி மாதிரி இருக்கா” என்கிறார்கள். எங்கே தவறுகிறேன்? இன்னொன்று, நம் இலக்கியத்தில் நட்பு என்றால் பிசிராந்தையார், கர்ணன் என்று உயிரைக் கொடுப்பவர்களாகவே வருகிறார்கள். நண்பர்களுக்குள் வரும் பொறாமையை நம்மவர்கள் தொடவே இல்லையா? கடைசியாக, அந்தத் தோழி நிஜத்தில் இருக்கிறாள். இன்றும் பேசிக்கொள்கிறோம். அச்சுக்குப் போகும் முன் அவளிடம் காட்ட வேண்டுமா? முதல் நாற்பது பக்கங்களை இத்துடன் இணைத்திருக்கிறேன்.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி)

பதில்:

நாற்பது பக்கங்களையும் படித்தேன். உங்கள் மூன்று கேள்விகளில் நடுவில் இருப்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதைப் பிரித்துப் பார்த்தால் வில்லி எங்கிருந்து வந்தாள் என்பதும் தெரிந்துவிடும்.

நாம் கொண்டாடும் நட்புகளை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். கோப்பெருஞ்சோழன் உங்கள் உறையூரில் இருந்து ஆண்டவன். பிசிராந்தையார் பாண்டிய நாட்டுப் புலவர். ஒருவரை ஒருவர் பார்க்காமலே வளர்ந்த நட்பு. பாரி குறுநில மன்னன், கபிலர் புலவர். அதியமானும் ஔவையும் அப்படித்தான். துரியோதனன் அங்க நாட்டைக் கொடுத்தவன், கர்ணன் வாங்கிக்கொண்டவன். இந்த ஜோடிகளில் எதிலும் இரண்டு பேரும் ஒரே பரீட்சை எழுதவில்லை. அரசனின் தேரைப் பார்த்துப் புலவர் ஏங்க வேண்டிய அவசியம் இல்லை. புலவரின் செய்யுளைப் பார்த்து அரசனுக்கும் வயிறு எரியவில்லை. அளக்கும் கோலே வேறு வேறு. வில்லிபுத்தூரார் பாரதத்தில் கர்ணன் சொல்கிறானே, துரியோதனன் மனைவியோடு தனியே ஆடிக்கொண்டிருந்தபோது மேகலை அறுந்து மணிகள் சிதறியதையும், உள்ளே வந்த துரியோதனன் எடுக்கவா, கோக்கவா என்று கேட்டதையும், அந்தக் காட்சியின் பெருமையே சந்தேகம் எழக்கூடிய இடத்தில் அது எழவில்லை என்பதுதான். ஆனால் கவனியுங்கள், அங்கே எழாமல் போனது மனைவியை முன்னிட்ட சந்தேகம். “கர்ணன் என்னைவிடப் பெரிய வில்லாளியாக இருக்கிறானே” என்ற எண்ணம் துரியோதனனுக்கு வர வாய்ப்பே இல்லை. அவன் கையில் இருந்தது கதாயுதம்.

புலவரையும் புலவரையும் பக்கத்தில் உட்காரவைத்ததும் என்ன ஆகிறது? ஒட்டக்கூத்தர் புகழேந்தியைச் சிறையில் போடவைத்தார் என்று கதை கிளம்பிவிடுகிறது. ஒட்டக்கூத்தன் பாட்டுக்கு இரட்டைத் தாழ்ப்பாள் என்று பழமொழியும் கிளம்பிவிடுகிறது. வரலாறாக அது எவ்வளவு தேறும் என்பது வேறு விஷயம். ஒரே சபை, ஒரே தொழில் என்றால் இப்படித்தான் நடந்திருக்கும் என்று மக்கள் நினைத்தார்கள் பாருங்கள், அதுதான் நமக்கு வேண்டியது.

கிரேக்கர்களும் இதையே பார்த்திருக்கிறார்கள். ஹீசியட் என்ற பழைய கவிஞர் குயவனுக்குக் குயவன்மேல், பாடகனுக்குப் பாடகன்மேல், பிச்சைக்காரனுக்குப் பிச்சைக்காரன்மேல்தான் காய்ச்சல் என்று பாடினார். வேடிக்கை என்னவென்றால் அவர் இதைக் குறையாகச் சொல்லவில்லை, சோம்பேறியையும் உழைக்கவைக்கும் நல்ல போட்டி என்ற இடத்தில் சொல்கிறார். அரிஸ்டாட்டில் தன் பேச்சுக்கலை நூலில் அந்த வரியை எடுத்துக்கொண்டு பொறாமைக்கு இலக்கணம் எழுதினார். வயதில், இடத்தில், பெயரில் நமக்குப் பக்கத்தில் இருப்பவர்மேல்தான் அது வரும். பத்தாயிரம் வருடத்துக்கு முன் வாழ்ந்தவனோடோ, உலகத்தின் மறு கோடியில் இருப்பவனோடோ யாரும் போட்டி போடுவதில்லை என்கிறார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நம்மவர்கள் தொட்டிருக்கிறார்கள். மகாபாரதத்தில் துரோணரும் துருபதனும் ஒரே ஆசிரமத்தில் சேர்ந்து விளையாடி, சேர்ந்து படித்தவர்கள். வகுப்புத் தோழர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் பாஞ்சாலத்துக்கு அரசனாகிறான். இன்னொருவர் வீட்டில் குழந்தைக்குப் பால் இல்லை. மாவைக் கரைத்துக் கொடுத்ததைப் பால் என்று நம்பி அசுவத்தாமன் குதித்து ஆடுகிறான், சுற்றி நின்ற பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அதைத் தாங்க முடியாமல்தான் துரோணர் பழைய நண்பனைத் தேடிப் போகிறார். துருபதன் சொல்கிற பதில் கொடுமையானது. நட்பு சமமானவர்களுக்குள்தான் இருக்க முடியும், அரசனுக்கும் ஏழைக்கும் நடுவில் என்ன நட்பு என்று கேட்டு அனுப்பிவிடுகிறான்.

பிறகு துரோணர் செய்வதைப் பாருங்கள். குரு வம்சத்துப் பிள்ளைகளுக்கு வில் சொல்லிக்கொடுத்து, தட்சிணையாக துருபதனைக் கட்டி இழுத்துவரச் சொல்கிறார். அர்ஜுனன் கொண்டுவந்து நிறுத்துகிறான். கொன்றிருக்கலாம், நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டிருக்கலாம். பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார். கங்கைக்கு வடக்கே எனக்கு, தெற்கே உனக்கு, இப்போது நானும் அரசன், இனி நாம் நண்பர்களாக இருக்கலாம் என்கிறார். இதைவிட நுட்பமாக ஒரு பழிவாங்கலை யாராவது எழுதியிருக்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம்தான். அடித்து வீழ்த்துவது அவர் நோக்கம் இல்லை. பழைய பெஞ்சில் பக்கத்தில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். துருபதன் அந்தப் பாதியை மறக்காமல் வேள்வி செய்து, துரோணரைக் கொல்வதற்கென்றே திருஷ்டத்யும்னனைப் பெறுகிறான். அதே வேள்வியில்தான் திரௌபதியும் வருகிறாள். குருக்ஷேத்திரத்தின் ஒரு வேர் இரண்டு பள்ளித் தோழர்களிடம் இருக்கிறது. இதைப் பொறாமைக் கதை என்று நாம் சொல்லிப் பழகவில்லை, அவ்வளவே.

பெரியபுராணத்து ஏயர்கோன் கலிக்காமரையும் இந்த வரிசையில் வைப்பேன். சேக்கிழார் ஒப்புக்கொள்ள மாட்டார். சுந்தரர் தன் காதலுக்காக இறைவனையே பரவையார் வீட்டுக்குத் தூது அனுப்பினார் என்று கேட்டு கலிக்காமர் கொதிக்கிறார். அவருக்குச் சூலை நோய் வருகிறது, சுந்தரர் வந்தால்தான் தீரும் என்று இறைவன் சொல்கிறார். அவன் வந்து தீர்ப்பதற்குள் உயிரை விடுவதே மேல் என்று தன் வயிற்றைக் கிழித்துக்கொள்கிறார் மனிதர். புராணம் இதைப் பக்தியின் கோபமாகப் பார்க்கிறது. தன் ஆண்டவனோடு இன்னொருவன் தோளில் கை போட்டுப் பழகுகிறானே என்ற வேதனை அந்தக் கோபத்துக்குள் இல்லவே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. பின்னால் இருவரும் நண்பர்களாகிறார்கள் என்பது கூடுதல் சுவை.

இனி உங்கள் பக்கங்கள். முதல் அத்தியாயத்திலேயே தோழி அழகி, பணக்காரி, வகுப்பில் முதல் மாணவி, பாட்டும் வருகிறது. உங்கள் கதாநாயகிக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. இந்த இடைவெளியில் பொறாமை பிடிக்காது. ஏக்கம் வரும், பக்திகூட வரும். அதை மறைக்கத்தான் நீங்கள் கடிதத்தை ஒளிக்கும் அளவுக்குப் பெரிய செயலைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது, அங்கே வில்லி பிறந்துவிடுகிறாள். இடைவெளியைக் குறையுங்கள். பத்தாம் வகுப்பில் உங்கள் கதாநாயகிதான் முதலில் வந்தாள் என்று இருக்கட்டும். கணக்கில் தோழிக்கு இவள்தான் சொல்லிக்கொடுத்தாள் என்று இருக்கட்டும். அரை மார்க் என்று எழுதியிருக்கிறீர்களே, நாவலில் இருப்பதிலேயே நல்ல சொல் அதுதான். அந்த அரை மார்க்கின் அளவுக்கே இருவரும் எல்லாவற்றிலும் நெருங்கி இருந்தால்தான் அது வலிக்கும்.

அடுத்து, உங்கள் கதாநாயகி இருபத்திரண்டாம் பக்கத்தில் “எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது” என்று சொல்கிறாள். அதை அடித்துவிடுங்கள். துரோணர் அப்படி ஒரு வார்த்தை சொல்வதில்லை, மகனுக்குப் பால் இல்லாததைச் சொல்கிறார், கொடுத்த வாக்கைச் சொல்கிறார். பொறாமைப்படுகிறவர் பேசுவதெல்லாம் நியாயமாகத்தான் இருக்கும். ரஷ்யக் கவிஞர் புஷ்கின் 1830இல் எழுதிய ‘மொஸார்ட்டும் சாலியேரியும்’ என்ற சின்ன நாடகம் எப்படி ஆரம்பிக்கிறது தெரியுமா? பூமியில் நியாயம் இல்லை என்கிறார்கள், மேலேயும் இல்லை என்கிறான் சாலியேரி. சிறு வயதிலிருந்து உழைத்தேன், இசையைப் பிணத்தைப் போல அறுத்துப் படித்தேன், வரமோ மொஸார்ட் என்ற ஒரு ஊர்சுற்றிக்குப் போய்விட்டது என்று கணக்கு ஒப்பிக்கிறான். எரிகிறது என்று அவனும் ஒப்புக்கொள்கிறான். ஆனால் அந்த நியாயப் பட்டியல் முழுவதையும் அடுக்கிய பிறகு, அறையில் தனியாக இருக்கும்போது. உங்கள் ஆள் இன்னும் பட்டியலையே போடவில்லை. “அவங்க அப்பா டவுன்ல ஸ்பெஷல் கோச்சிங் சேர்த்துவிட்டார்”, “அவளுக்கு டாக்டர் ஆகணும்னு ஆசையே கிடையாது, நான்தான் சொல்லிக்கொடுத்தேன்”, இப்படிப் பட்டியல் நீளட்டும். வாசகர் பாதி வரை தலையாட்டிக்கொண்டே வர வேண்டும்.

நீங்கள் உட்கார்ந்து படிக்க வேண்டிய நாவல் ஒன்று உண்டு. அமெரிக்கரான ஜான் நோல்ஸ் 1959இல் வெளியிட்ட ‘எ செபரேட் பீஸ்’. நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு விடுதிப் பள்ளி, 1942 கோடைக்காலம், உலகப் போர். ஜீன் படிப்பில் கெட்டி, அவன் அறைத்தோழன் ஃபினி விளையாட்டில் கெட்டி. ஃபினி ஒரு நாள் பள்ளி டையை இடுப்பில் பெல்ட்டாகக் கட்டிக்கொண்டு ஆசிரியர் வீட்டு விருந்துக்கு வந்துவிடுகிறான். மாட்டிக்கொள்ளப்போகிறான் என்று ஜீன் காத்திருக்கிறான். ஃபினி பேசியே தப்பித்துவிடுகிறான். ஜீனுக்கு ஒரு ஏமாற்றம் சுருக்கென்று தைக்கிறது. உடனே அவன் தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறான், கொஞ்சம் பரபரப்பு பார்க்கலாம் என்று நினைத்தேன், அது கிடைக்கவில்லை, அதனால்தான் இந்த ஏமாற்றம் என்று. பொறாமையின் முதல் காட்சி இவ்வளவுதான். நண்பன் தப்பித்ததில் ஒரு துளி வருத்தம், அதற்கு உடனே ஒரு சாக்கு.

இதற்குப் பிறகு நோல்ஸ் செய்வது இன்னும் பெரியது. ஃபினியும் தன்மேல் பொறாமைப்படுகிறான், தன் மார்க்கைக் கெடுக்கத்தான் தினமும் விளையாட இழுத்துக்கொண்டு போகிறான் என்று ஜீன் முடிவு கட்டுகிறான். அந்த முடிவில் அவனுக்கு நிம்மதியும் வருகிறது. இரண்டு பேரும் ஒன்றுதான் என்றால் கணக்கு சரியாகிவிடுகிறது அல்லவா? பிறகு ஒரு சாயங்காலம் ஃபினி சாதாரணமாகச் சொல்கிறான், நீ படிக்க வேண்டியிருக்கும் என்றே எனக்குத் தோன்றவில்லை, உனக்குத் தானாக வருகிறது என்று நினைத்தேன், போய்ப் படி என்று. நண்பனின் மனதில் பொறாமையே இல்லை என்று அப்போதுதான் ஜீனுக்குத் தெரிகிறது. அதுதான் அவனால் தாங்க முடியாதது. கொஞ்ச நேரத்தில் இருவரும் ஆற்றோர மரத்தில் ஏறுகிறார்கள், ஜீனின் முழங்கால் மடங்குகிறது, கிளை ஆடுகிறது, ஃபினி கீழே விழுந்து கால் நொறுங்குகிறது. வேண்டுமென்றே செய்தானா? நாவல் முழுக்க அந்தக் கேள்வியோடுதான் ஜீன் வாழ்கிறான்.

உங்கள் கடிதக் காட்சியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவள் சுற்றுமுற்றும் பார்த்து, பீரோவைத் திறந்து, புடவைக்கு அடியில் கடிதத்தைச் செருகுகிறாள். இப்படித்தான் அவள் சீரியலுக்குள் போகிறாள். கடிதத்தை வாங்கி அலமாரியில், எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைக்கட்டும். தோழி வந்ததும் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொள்ளட்டும். தோழி வருகிறாள், ஊரில் நடந்த கல்யாணத்தைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறாள். இவள் சொல்லவில்லை. மறுநாள் காலையில் ஞாபகம் வருகிறது, மத்தியானம் கொடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறாள். மூன்றாம் நாள் தானே ஓடிப் போய்க் கொடுக்கிறாள். கவுன்சலிங் தேதி தப்பவில்லை, நஷ்டம் ஒன்றும் இல்லை. தோழியின் அம்மா “நல்லவேளை, பத்திரமா வெச்சிருந்தியே கண்ணு” என்று கையைப் பிடித்துக்கொள்கிறார். அந்த மூன்று நாளுக்கு என்ன பெயர் என்று அவள் ஆயுளுக்கும் யோசிக்கலாம், நாவலுக்கு அது போதும்.

இன்னொரு குறை, நாற்பது பக்கத்தில் இவர்கள் இருவரும் சேர்ந்து ஒரு முறைகூடச் சிரிக்கவில்லை. இழக்கப்போவது என்ன என்று வாசகருக்குத் தெரிய வேண்டாமா? இத்தாலிய எழுத்தாளர் எலெனா ஃபெர்ரான்டே (இது புனைபெயர்) 2011 முதல் 2014 வரை நான்கு பாகமாக எழுதிய நேப்பிள்ஸ் நாவல்களில் எலெனா, லீலா என்ற இரண்டு தோழிகள் ஒருவரை ஒருவர் விட முடியாமல்தான் ஒருவரை ஒருவர் வதைக்கிறார்கள். செருப்புத் தைக்கிறவரின் மகள் லீலாதான் கூர்மையானவள், அவள் படிப்பு ஆரம்பப் பள்ளியோடு நிற்கிறது. எலெனா மேலே படித்து எழுத்தாளர் ஆகிறாள். 1966இல் லீலா எட்டு நோட்டுப் புத்தகங்களைக் கொடுத்து, பத்திரமாக வைத்துக்கொள், படிக்காதே என்கிறாள். எலெனா படிக்கிறாள். பிடித்த பகுதிகளை மனப்பாடமே செய்கிறாள். பிறகு பீசா நகரத்துப் பாலத்தில் இருந்து அவற்றை ஆற்றில் தள்ளிவிடுகிறாள். மனப்பாடம் செய்யும் அளவுக்குப் பிடித்ததனால்தான் தள்ளிவிட வேண்டியிருக்கிறது. பின்னால் ஒரு நாள், லீலா சிறுமியாக இருந்தபோது எழுதிய ஒரு சின்னக் கதையை மறுபடி படிக்கிறாள் எலெனா. தன் முதல் நாவலின் உயிர் அதில் இருப்பது தெரிகிறது. ‘என் மேதைத் தோழி’ என்ற பொருள்படும் முதல் பாகத் தலைப்பைப் பார்த்து, எலெனா லீலாவைப் பற்றிச் சொல்வது என்றுதான் நாம் நினைப்போம். நாவலுக்குள் அந்தச் சொல்லைச் சொல்வது லீலா, எலெனாவைப் பார்த்து. யார் யாரைப் பார்த்து ஏங்கினார்கள் என்பது நான்கு பாகத்திலும் மாறிக்கொண்டே இருக்கிறது. உங்கள் டாக்டர் தோழிக்கு உங்கள் கதாநாயகியிடம் ஏங்க ஒன்றுமே இல்லையா? நாற்பது பக்கத்தில் எனக்கு அது கிடைக்கவில்லை.

முடிவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சுருக்கக் குறிப்பில் கதாநாயகிக்குக் குழந்தை பிறக்காமல் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். குழந்தை இல்லாததைத் தண்டனையாக எழுதுவது படிக்கிற எத்தனையோ பெண்களை அடிப்பது, அது ஒரு பக்கம். வள்ளுவரே அவ்வளவு சுலபமாகத் தீர்ப்பு எழுதவில்லை என்பது இன்னொரு பக்கம். அழுக்காறாமை அதிகாரத்தில் ‘அழுக்காறு எனஒரு பாவி’ செல்வத்தை அழித்துத் தீயில் தள்ளும் என்று சொன்ன கையோடு,

அவ்விய நெஞ்சத்தான் ஆக்கமும் செவ்வியான்
கேடும் நினைக்கப் படும்

என்று அடுத்த குறளை வைக்கிறார். பொறாமைக்காரன் நன்றாக வாழ்வதும் நல்லவன் கெடுவதும் உலகத்தில் இருக்கிறது, யோசித்துப் பார்க்க வேண்டியது என்கிறார். பரிமேலழகர் பழவினை என்று விளக்கம் சொன்னார். நாவலாசிரியருக்கு அந்த விளக்கம்கூடத் தேவையில்லை. உங்கள் கதாநாயகி மேனேஜர் ஆகட்டும், சொந்த வீடு கட்டட்டும், தோழியின் மருத்துவமனைக்கே கடன் சாங்ஷன் செய்யும் இடத்தில் உட்காரட்டும். என்ன நடக்கிறது என்று அப்போது பார்க்கலாம்.

மூன்றாவது கேள்விக்குச் சாலியேரியிடமே திரும்ப வேண்டியிருக்கிறது. அவர் நிஜ மனிதர். வியன்னா அரசவையில் பெரிய இசையமைப்பாளர், பீத்தோவனுக்கும் ஷூபர்ட்டுக்கும் சொல்லிக்கொடுத்தவர், மொஸார்ட் இறந்த பிறகு அவருடைய இளைய மகனுக்கும் பாடம் எடுத்தவர். மொஸார்ட்டுக்கு அவர் விஷம் வைத்தார் என்ற வதந்திக்கு எந்த ஆதாரமும் இல்லை. அவர் 1825இல் இறந்தார், ஐந்தே வருடத்தில் புஷ்கின் வதந்தியை நாடகமாக்கிவிட்டார். பிறகு அது ஆபெராவாயிற்று. 1979இல் பீட்டர் ஷாஃபர் அதே வதந்தியை வைத்து ‘அமாடியஸ்’ நாடகத்தை எழுதினார், 1984இல் அது படமாகி ஆஸ்கர் வாங்கியது. மொஸார்ட்டும் சாலியேரியும் சேர்ந்து 1785இல் ஒரு பாடகிக்காக அமைத்த பாட்டின் பிரதி பிராக் நகரத்தில் கிடைத்து, 2016இல் மேடையில் வாசித்தும் காட்டினார்கள். ஒன்றும் மாறவில்லை. சாலியேரி என்றால் இன்றைக்கும் பொறாமைக்காரன்தான். நாடகம் அருமையான நாடகம், அதில் சந்தேகம் இல்லை. அந்த மனிதருக்குச் செய்தது அநியாயம், அதிலும் சந்தேகம் இல்லை.

உங்கள் விஷயத்தில் பொறாமைப்பட்டவர் நீங்களே என்பதால் பழி உங்கள்மேல்தான் விழும், தோழிமேல் விழாது என்று நினைக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அப்படி இல்லை. அவருடைய அப்பாவின் குடியும், நின்றுபோன முதல் நிச்சயதார்த்தமும் உங்கள் பக்கங்களில் இருக்கின்றன. அவை நிஜம் என்றால் உங்களுடையவை அல்ல. முன்பக்கத்தில் “யாவும் கற்பனையே” என்று போடுவது தெருக்காரர்களை ஏமாற்றாது. இந்த இரண்டையும் இப்போதே எடுத்துவிடுங்கள், கதைக்கு இரண்டும் வேண்டியிருக்கவில்லை. மருத்துவத்தையும் மாற்ற முடியுமா என்று பாருங்கள். ஒரே அரங்கேற்றத்துக்குத் தயாராகும் இரண்டு பெண்கள், ஒரே குரூப் ஒன் தேர்வு எழுதும் இரண்டு பேர், எதுவானாலும் ஒரே கோலால் இருவரையும் அளக்கும் இடம் என்றால் சரி.

காட்டுவது பற்றி: இப்போது காட்டாதீர்கள். பாதி எழுதியதைக் காட்டினால் மீதியை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுதுவீர்கள், நாவல் மன்னிப்புக் கடிதம் ஆகிவிடும். இரண்டாம் டிராஃப்ட் முழுவதும் முடிந்த பிறகு, பதிப்பகத்துக்கு அனுப்புவதற்கு முன்னால், முழுப் பிரதியையும் கொடுங்கள். “எப்படி இருக்கு” என்று கேட்க வேண்டாம். “உன் வாழ்க்கையில் இருந்து எடுத்தது என்று எதையாவது வெளியில் தெரியக்கூடாது என்று நினைத்தால் பென்சிலில் கோடு போடு” என்று மட்டும் கேளுங்கள். கோடு போட்ட இடத்தை மாற்றுவதா என்று பேரம் பேசாதீர்கள், மாற்றிவிடுங்கள். உங்கள் கதாநாயகி நினைப்பதில் கோடு போட்டால் அது மட்டும் உங்கள் இஷ்டம்.